ஒரே பெண், இரண்டு பெயர்

(மும்பைத் தமிழர் கூட்டமொன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் மேற்படிப்புக்குச் சேர என்ன தகுதி வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விஷயத்துக்கு ஒரு மாலைப்பொழுது எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நான் மாட்டுங்கா லேபர் கேம்பில் வளர்ந்தவன். கல்லூரி ஆசிரியனாகப் பல ஆண்டுகள் சேர்க்கைக் குழுக்களில் உட்கார்ந்தவன். அந்தப் பின்பக்கத்தோடு படிப்பு நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் அவள் வீடு. தகப்பனார் 1970-களில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பெண் வேதியியலில் பி.எஸ்சி. முதல் வகுப்பு. நகரத்திலுள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.எஸ்சி.க்குச் சிறுபான்மையினர் இடத்தில் விண்ணப்பித்தாள். மறுநாள் சாயங்காலம் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றோடு என் வீட்டுக்கு வந்து, காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள்.

முதல் காகிதம் பள்ளியின் எல்.சி. நம் ஊரில் டி.சி. என்பதை இங்கே எல்.சி. என்கிறோம். இந்த மாநிலத்துப் படிவங்களில் குடும்பப்பெயர் முதலில் வரும், பிறகு தன் பெயர், பிறகு தகப்பன் பெயர். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? இன்ஷியல்தான். முதல் வகுப்பில் சேர்த்தபோது அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று எழுத்தர் சாதிப் பெயரை அதில் எழுதிவிட்டார். பெண்ணின் வீட்டுப் பெயர் நடுவில். மதம், சாதி என்ற இடத்தில் இந்து, ஆதி திராவிடர். இரண்டாவது காகிதம் ஊர்ச் சபையிலிருந்து வாங்கிய ஞானஸ்நானச் சான்றிதழ். அதில் வேதாகமப் பெயர் ஒன்றும் தகப்பனாரின் இன்ஷியலும் மட்டும். சாதி இல்லை, வீட்டுப் பெயரும் இல்லை. அந்தச் சான்றிதழை வாங்குவதற்காக அவளுடைய அம்மா நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டியில் போய், சபை ஐயரைப் பார்த்து, பழைய பதிவேட்டைத் தேடியெடுக்கச் சொல்லித் திரும்பி வந்திருந்தார்.

கல்லூரி அலுவலகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். "இது ரெண்டு பேரோட சர்டிபிகேட்டும்மா. இதிலே நீ இந்து, அதிலே வேற யாரோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த எழுத்தரை நான் குறை சொல்ல மாட்டேன். காகிதத்தில் இருந்ததைத்தான் அவர் படித்தார்.

எல்.சி.யில் ஏன் இந்து என்று போட்டீர்கள் என்று தகப்பனாரைக் கேட்டேன். "வேதக்காரன்னு எழுதினா சலுகை போயிரும்னு ஊர்ல சொல்லுவாங்க சார்" என்றார். அந்தச் சலுகை இந்த ஊரில் ஒரு தடவையாவது கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் பயந்ததற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. கிடைக்காமல் போனதற்கும் சட்டத்தில்தான் காரணம் இருக்கிறது. இரண்டையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் 200 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். இந்தியாவில் பட்டம் வழங்கும் அதிகாரத்தை அரச சாசனத்தின் வழியே பெற்ற முதல் கல்விக்கூடம் வங்காளத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் செராம்பூர் கல்லூரி. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் 1818-இல் தொடங்கினார்கள். செராம்பூர் அன்று டென்மார்க் அரசரின் ஊர், நம்முடைய தரங்கம்பாடியைப் போல. 1827-இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் அதற்குப் பல்கலைக்கழகத்துக்குரிய சாசனம் கொடுத்தார். பம்பாய், கல்கத்தா, சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் பிறக்க இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன. 1845-இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் சேர்ந்தே ஆங்கிலேயர் கைக்குப் போயின. சாசனம் மட்டும் சாகவில்லை. 1918-இல் வங்காளச் சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை இயற்றி அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. நம் சபைகளிலிருந்து இறையியல் படிக்கப் போகும் பிள்ளைகள் மதுரை அரசரடியிலோ, சென்னை குருகுலத்திலோ, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலோ, புணேயிலோ படித்தாலும், பட்டம் தருவது செராம்பூர் ஆட்சிமன்றம்தான்.

இந்தச் செராம்பூர் தன் சட்டவிதிகளை 1833-இல் எழுதியது. சேர்க்கை பற்றிய அதன் அடிப்படை விதி, சாதியோ நிறமோ பிறந்த நாடோ யாருக்கும் தடையாக இருக்கக் கூடாது என்பது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அதே காலத்தில் ஆக்ஸ்போர்டில் சேர வேண்டுமானால் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்குக் கையெழுத்திட வேண்டும். கத்தோலிக்கர், யூதர் யாராக இருந்தாலும் கதவு மூடியிருந்தது. அங்கே அந்தச் சோதனை பெருமளவு ஒழிந்தது 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தில். நம் பம்பாய் மாகாணத்தில், 1856-இல் தார்வாட் அரசுப் பள்ளியில் சேர விரும்பிய மகார் சிறுவன் ஒருவனைச் சாதியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அரசாங்கமும் அப்போது அவனுக்குத் துணை நிற்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி அந்த வரியைத் தன் சட்டமாக எழுதி வைத்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது. இன்று நாம் கேட்கும் ஒவ்வொரு காகிதத்தையும் அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்து உரசிப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இறையியல் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இங்கே வந்திருக்கும் வாலிபர்களில் சிலர் அதற்காகவே வந்திருக்கிறார்கள். பி.டி. என்னும் இறையியல் பட்டத்துக்கு வழக்கமான தகுதி, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டம். பட்டதாரிகளுக்குப் படிப்பு நான்கு ஆண்டுகள். அதன் பிறகே எம்.டிஎச்., அது இரண்டு ஆண்டுகள். பட்டத்தோடு சபையின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும், கல்லூரியின் நுழைவுத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். ஆங்கிலத்துக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்றுக் கொடுக்கிறது. தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, தன் மொழியிலேயே பட்டப்படிப்பை எட்டக்கூடிய இடம் நம் நாட்டில் எத்தனை இருக்கின்றன? இதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன்.

ஆனால் சபைக் கடிதம் என்ற அந்த ஒரு காகிதத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். அதைக் கொடுப்பவர் ஆயர், ஆயரைச் சுற்றி இருப்பது கமிட்டி. சந்தா கட்டாத குடும்பம், கமிட்டித் தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்ற குடும்பம், ஓட்டை வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், இவர்களின் பிள்ளைக்குக் கடிதம் தாமதமாகும். சாதியும் அதற்குள் புகுந்துகொள்ளும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்காக ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்பதை மூடி மறைக்காமல் பேசிய ஆவணம் அது. அந்த நேர்மை ஒவ்வொரு சபைக் கமிட்டிக்கும் வர வேண்டும். ஒரு பிள்ளையின் மேற்படிப்பு யாருடைய சந்தாப் பாக்கியிலும் தொங்கக் கூடாது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, மதச் சிறுபான்மையினருக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கும் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நிறுவி நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது. 1991-இல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட கல்லூரி தன் சமூகத்தாருக்கு 50 விழுக்காடு வரை இடம் ஒதுக்கலாம் என்றது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, சிறுபான்மை யார் என்பதை மாநிலம் மாநிலமாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி, திருநெல்வேலியில் பெரும்பான்மையாக இருக்கும் தமிழ் பேசுபவன் கல்யாண் தாண்டி இங்கே இறங்கியதும் மொழிச் சிறுபான்மையினன் ஆகிறான். மாட்டுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை ஏற்படுத்திய நம் முன்னோர் இதன் பயனைப் பின்னால் வந்தவர்களுக்கு விட்டுச் சென்றார்கள். தமிழ்க் கிறிஸ்தவன் மொழியாலும் மதத்தாலும் இரண்டு மடங்கு சிறுபான்மை. கணக்குப்படி அவனுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

தாராவிப் பெண்ணுக்கு ஏன் ஒன்றுகூடத் திறக்கவில்லை?

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகளுக்கான ஆணையைப் பிறப்பித்தார். இந்து மதத்தைச் சேராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று அதன் மூன்றாம் பத்தி சொல்லிற்று. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராகவே வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதி திராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை பள்ளிப் பதிவேட்டில் இந்து என்று எழுதும்படி ஒரு தகப்பனைத் தள்ளியது இந்தச் சட்டம்தான். ஞானஸ்நானம் வாங்கியவனை மேல்சாதித் தெருவுக்குள் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. தண்ணீர்த் தொட்டியும் சுடுகாடும் தனியாகத்தான் இருந்தன. சலுகை மட்டும் போனது.

சரி, இந்து என்று எழுதினாரே, அது இங்கே உதவியதா? 1990-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு நம் பரேலில் இருக்கும் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி சம்பந்தப்பட்டது. ஆந்திராவில் பழங்குடியினராக அங்கீகரிக்கப்பட்ட குடும்பம் வேலை காரணமாகப் பம்பாய்க்கு வந்தது. சிறு வயதிலேயே இங்கே வந்து வளர்ந்த மகன் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் இடம் கேட்டான். ஒரு மாநிலத்தில் பெற்ற அந்தத் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. அதன் மேல் சரிபார்ப்புக் குழுவின் வேலிடிட்டி சான்றிதழ் தனி. 1970-களில் ரயிலேறி வந்த தோல் தொழிலாளி எந்தத் தேதிக்கும் முன்னால் நிற்க முடியாது. 1950-இல் தாராவிச் சதுப்பில் குடிசை போட்டவரிடம்கூட வாடகை ரசீதா இருக்கும், மின்கட்டண ரசீதா இருக்கும்?

ஆக, இந்து என்று எழுதியதால் கிறிஸ்தவ இடம் போயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்ததால் பட்டியல் சாதி இடம் போயிற்று. பொதுப் பட்டியலில் முதல் வகுப்பு மதிப்பெண் இருந்தும் வரிசை அவளிடம் வருவதற்குள் இடங்கள் முடிந்துவிட்டன. அவள் செம்பூர்ப் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். எம்.எஸ்சி. படிக்கவில்லை.

கிறிஸ்தவ நிறுவனங்களை நடத்தும் பெரியவர்களுக்கு மரியாதையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டு 93-வது திருத்தத்தில் வந்த 15(5)-ஆம் பிரிவு, தனியார் கல்லூரிகளிலும் பட்டியல் சாதியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடஒதுக்கீடு கொண்டுவர அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதிலிருந்து சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. விலக்குப் பெற்றவனுக்குப் பொறுப்பு கூடுதல் என்பது என் கருத்து. யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதால், செய்ய வேண்டியதை அவர்கள் தாங்களாகவே செய்ய வேண்டும். தங்களுக்குரிய அந்த 50 விழுக்காட்டுக்குள் சேரிகளிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இத்தனை இடம் என்று தாங்களே எழுதி வைக்கலாம். எந்த நீதிமன்றமும் அதைத் தடுக்காது. சலுகைக்காகப் பள்ளியில் வேறு மதம் பதிவாகியிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது கல்லூரி முதல்வர்களுக்குத் தெரியாத செய்தியா? ஆயரின் நேரடி உறுதிமொழி, ஊர்ச் சபைப் பதிவேட்டின் நகல், குடும்பத்தின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை வைத்து முடிவெடுக்க ஒரு சிறு குழு அமைத்தால் போதும்.

நேர்காணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்கு மறுபடியும் 2022-இல் வந்தபோது டெல்லி உயர் நீதிமன்றம், கிறிஸ்தவரல்லாதவர்களை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்க வேண்டும், கிறிஸ்தவ மாணவர்களுக்கு மட்டும் 15 விழுக்காடு நேர்காணல் வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த 15 விழுக்காடு எங்கள் பிள்ளைகளுக்கு நன்மையா தீமையா என்பது கேள்வி கேட்பவரைப் பொறுத்தது. நான் உட்கார்ந்திருந்த ஒரு நேர்காணலில் பந்த்ராவிலிருந்து வந்த பையனிடம் விடுமுறையில் எங்கே போனாய் என்று கேட்டார்கள், அவன் அழகாகப் பேசினான். அடுத்து வந்த பையன் லேபர் கேம்ப். அதே கேள்வி. அவன் விடுமுறையில் அண்ணனோடு பை தைக்கும் வேலைக்குப் போனவன், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த கேள்வி என் முறை. ஒரு பைக்கு எவ்வளவு தோல் பிடிக்கும், சேதாரம் எவ்வளவு என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து, விரலால் மேசை மேல் அளவு போட்டுக் காட்டிக் கணக்குச் சொன்னான். அவனுக்குப் புள்ளியியல் இடம் கிடைத்தது. கேள்வி மாறினால் தகுதி கண்ணுக்குத் தெரிகிறது.

மேற்படிப்பை ஏழைகளின் தெருவோடு எப்படி இணைக்கலாம் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். செம்பூர்க்காரர்கள் தினமும் கடந்துபோகும் தேவனாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், 1936-இல் நாக்பாடாவில் பட்டதாரிகளுக்கான சமூகப்பணிப் பள்ளியாகத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட், அமெரிக்க மராத்தி மிஷனிலிருந்து வந்த மிஷனரி. நாக்பாடாவின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவில் சமூக மையம் நடத்தியவர். சேவை செய்ய வருகிறவன் ஏழைகளின் தெருவில் நின்று பழக வேண்டும் என்பதைப் படிப்பின் பகுதியாகவே வைத்தார். மத அடையாளமற்ற நிறுவனம்தான் அது. ஆனாலும் ஒரு மிஷனரி மேற்படிப்பு என்பதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சாட்சி அதுவே. 2023 முதல் அங்கே எம்.ஏ. சேர்க்கைக்குத் தேசிய அளவிலான க்யூட்-பி.ஜி. தேர்வு எழுத வேண்டும். நம் பிள்ளைகள் அதையும் எழுத வேண்டும்.

நிறுவனங்கள் மாறக் காத்திருக்கும் காலத்தில் நம் கையில் இருக்கும் வேலையைச் சொல்லி முடிக்கிறேன். எல்.சி.யில் இருக்கும் பெயரையும் மதத்தையும் பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது, ஆதாரங்களோடு தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அதிகாரியின் ஒப்புதல் பெற்றுத் திருத்தலாம். பள்ளியை விட்டு வெளியே வந்தபின் அது மிகவும் கடினம். பிறகு கெஜட், வக்கீல், பிரமாணப் பத்திரம் என்று அலைய வேண்டும். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அதற்கெல்லாம் நாள் இருக்காது.

தமிழ்ச் சங்கங்களும் சபைகளும் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் அதே இடத்தில், நாலு மேசை போட்டுக் காகிதம் பார்க்கும் முகாம் நடத்த வேண்டும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூன்று பேர் வரத் தயாராக இருக்கிறார்கள், நானும் வருவேன். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பிள்ளை இருக்கும் தாய் தகப்பன்மார்களே, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, ஞானஸ்நானச் சான்றிதழ், ஆதார் நான்கையும் வரிசையாக வையுங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நாளைக் காலையில் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.